எந்தக் கப்பல் பெரிது?

மாங்காட்டிலிருந்து கடலைக் காண வேண்டுமெனில் சாலை வழியே இருபது கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே செல்ல வேண்டும். காமாட்சியம்மன் தீயின் நடுவே ஒற்றைக்காலில் நின்று தவம் இயற்றியதாகப் போற்றப்படும் ஊர் இது. துறவுக்குப் பெயர் பெற்ற மண். இவ்வூரில் ஒரு ஞாயிறு மாலை, இளைஞர் கூட்டம் முடிந்த பின்னர், உலகின் மிக ஆடம்பரமான இரண்டு கப்பல்களைக் குறித்து இரு பிள்ளைகள் வாய்ச்சண்டை இட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்பவன். மற்றவன் பாலிடெக்னிக் மாணவன். கைப்பேசியில் ஆளுக்கொரு படத்தை வைத்துக்கொண்டு, தீராத வழக்கை என்னிடம் கொண்டுவந்தார்கள். "நீங்களே சொல்லுங்க ஃபாதர், எது பெரிசு?"

ஒன்றின் பெயர் 'அஸ்ஸாம்'. நம் வடகிழக்கு மாநிலம் அன்று. உறுதி பூண்டவன் என்னும் பொருள்படும் அரபுச் சொல். ஐக்கிய அரபு அமீரகத்தின் அதிபராக இருந்து 2022-இல் காலமான ஷேக் கலீஃபாவுக்காக ஜெர்மனியின் லூர்சன் நிறுவனம் கட்டி, 2013-இல் ஒப்படைத்தது. நீளம் 180 மீட்டர். இத்தனை பெரிய உடலோடு மணிக்கு 30 கடல்மைலுக்கு மேல் விரையும் ஆற்றல் கொண்டது. டீசல் பொறிகளோடு வாயுச் சுழலிகளும் அதற்கென்றே பொருத்தப்பட்டுள்ளன. அதன் முதன்மைக் கூடம் 29 மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மற்றொன்றின் பெயர் 'எக்லிப்ஸ்', அதாவது கிரகணம். ஹாம்பர்க் நகரின் புளோம் ஃபோஸ் தளத்தில் உருவாகி, 2010-இல் ரஷ்யச் செல்வர் ரோமன் அப்ரமோவிச்சின் கைக்கு வந்தது. நீளம் 162.5 மீட்டர். இரண்டு ஹெலிகாப்டர் தளங்கள், ஒரு சிறு நீர்மூழ்கி, தரை மேலெழுந்து நடனமேடையாகிவிடும் நீச்சல்குளம் என்று அதன் சிறப்புகளைப் பாலிடெக்னிக் மாணவன் மூச்சு விடாமல் அடுக்கினான். அவன் எக்லிப்ஸின் கட்சி.

நீளத்தைப் பார்த்தால் அஸ்ஸாம் பதினேழரை மீட்டர் மிகுதி. வழக்கு அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால் கப்பலை அளக்க இன்னொரு முறை உண்டு. மொத்த டன் அளவு என்பார்கள். பெயரில் டன் இருந்தாலும் அது எடையைக் குறிப்பதன்று; கப்பலின் மூடிய அறைகளும் தளங்களும் சேர்ந்து எவ்வளவு இடத்தை உள்ளடக்குகின்றன என்பதன் கணக்கு. அந்தக் கணக்கில் அஸ்ஸாம் 13,136, எக்லிப்ஸ் 13,564. நீளத்தில் தோற்றது உள்ளிடத்தில் வென்றுவிட்டது. இதைச் சொன்னதும் இரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வெற்றிக்களிப்போடு கூவினார்கள். நீதிபதியின் பாடு எளிதாக முடிந்தது.

அவர்கள் போன பின்பும் அந்த 'டன்' என்னும் சொல் என்னை விடவில்லை. இடைக்காலத்தில் பிரான்சிலிருந்து திராட்சை மது ஏற்றிவரும் கப்பல்களுக்கு இங்கிலாந்தின் துறைமுகங்களில் வரி விதித்தார்கள். வரி விதிக்க அளவு வேண்டுமன்றோ? எத்தனை பெரும் பீப்பாய்கள் ஏற்றப்பட்டுள்ளன என்று எண்ணினார்கள். அந்தப் பெரும் பீப்பாயின் பெயர்தான் 'டன்'. கப்பலின் டன் அளவு என்னும் வழக்கு அங்கிருந்தே கிளைத்தது. இன்றைய கணக்கிடும் முறை 1969-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்டு 1982-இல் நடைமுறைக்கு வந்தது; இன்றும் துறைமுகக் கட்டணங்கள் பெரும்பாலும் இதை வைத்தே விதிக்கப்படுகின்றன. ஆக, மனிதன் கப்பலின் உள்ளளவை எண்ணத் தொடங்கியது அதன் பெருமையைப் பறைசாற்ற அன்று. அது எவ்வளவு செலுத்தக் கடமைப்பட்டது என்பதை அறிவதற்காக. என் இளம் நண்பர்கள் கேட்ட கேள்வியும் சுங்க அதிகாரி கேட்ட கேள்வியும் ஒன்றே: எது பெரிது? கேட்பதன் நோக்கம்தான் வேறு.

நீளத்தின் கதை இவ்வளவு கௌரவமானது அன்று. எக்லிப்ஸ் வருவதற்கு முன் இவ்வகைக் கப்பல்களுள் நீளத்தில் முதலிடம் பெற்றிருந்தது, துபாய் ஆட்சியாளரின் 'துபாய்' என்னும் கப்பல். 2006-இல் முடிக்கப்பட்டது. அதன் நீளம் 162 மீட்டர். எக்லிப்ஸின் நீளம் 162.5. அந்த அரை மீட்டர், ஏறத்தாழ ஒரு முழம், எதற்காகச் சேர்ந்தது என்பது கட்டியவர்களுக்கே வெளிச்சம். அதில் ஒரு கட்டிலைக்கூடக் குறுக்கே போட முடியாது. மூன்றாண்டுகளில் அஸ்ஸாம் வந்தது; எக்லிப்ஸ் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. தன் பெயரின் பொருளே தனக்கு நேர்ந்தது எனலாம். இதைச் சொல்லி நகைக்க எனக்குத் தகுதி இல்லை. அதன் காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

நானும் சிறுவயதில் ஒரு பெருங்கப்பலைக் கண்டு வாய்பிளந்து நின்றவனே. பினாங்கிலிருந்து வந்த பெரியப்பாவை அழைத்துவரச் சென்னைத் துறைமுகத்துக்கு அப்பாவோடு சென்றிருந்தேன். 'சிதம்பரம்' கரையணைந்து நின்றது. பிரான்சில் 1966-இல் கட்டப்பட்டு, பின்னர் நம் நாட்டுக் கப்பல் கழகம் வாங்கிய பயணிகள் கப்பல். ஏறத்தாழ 174 மீட்டர் நீளம். இந்த இரு உல்லாசக் கப்பல்களுக்கும் இடைப்பட்ட அளவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதிலிருந்து இறங்கினார்கள். தகரப்பெட்டிகள், கட்டில் விரிப்புகள், மைலோ டப்பாக்கள், அழுகிற குழந்தைகள், கைத்தாங்கலாக இறக்கப்பட்ட கிழவிகள். 1985 பிப்ரவரியில் அக்கப்பல் தீப்பற்றி, அத்தோடு அதன் பயணங்கள் முடிவுற்றன. ஏறத்தாழ அதே நீளம் கொண்ட அஸ்ஸாமிலும் எக்லிப்ஸிலும் தங்கக்கூடிய விருந்தினர் நாற்பது பேருக்கு உட்பட்டே. அவர்களுக்குப் பணிபுரிய அதைப்போல் இரு மடங்கு ஊழியர் வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் அடையாற்றில் பெருகியபோது, மீனவச் சகோதரர்கள் தங்கள் படகுகளைச் சென்னைத் தெருக்களுக்குக் கொண்டுவந்தார்கள். மாடியில் நின்றவர்கள் படகைப் பார்த்து, "இன்னும் எத்தனை பேர் ஏறலாம்?" என்றுதான் கேட்டிருப்பார்கள். படகின் நீளம் யாருக்கு வேண்டும்?

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் இது எளிதான மறையுரையாகிவிடும். பணக்காரனின் கப்பல் தீது, ஏழைகளின் கப்பல் நன்று என்று முடித்துவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால் குருமடத்தில் நான் கற்ற இறையியல் அவ்வளவு எளிதாக என்னை விடுவதில்லை. புனித தோமா அக்குவினார் மாண்புடைமை என்று ஒரு நற்பண்பைப் பேசுகிறார். பெரிய பணிக்குப் பெரிய அளவில், தகுதி அறிந்து செலவிடும் துணிவு அது. அதை அவர் மனத்திட்பத்தின் பகுதியாக வைக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. பெருஞ்செலவு செய்வதற்கும் ஒரு வீரம் வேண்டுமாம். அதற்கு எதிரான குற்றமாக அவர் காட்டுவது ஊதாரித்தனத்தை மட்டுமன்று. பெரிய காரியத்தைத் தொடங்கிவிட்டுக் காசை எண்ணி எண்ணிக் குறுக்கிக் கெடுக்கும் சிறுமையையும் சேர்த்தே கண்டிக்கிறார். பெத்தானியாவில் விலையுயர்ந்த நறுமணத் தைலம் ஆண்டவரின் பாதங்களில் ஊற்றப்பட்டபோது, இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குச் சொன்னவன் யார் என்பதை நாம் அறிவோம். ஆண்டவர் தைலத்தின் பக்கம் நின்றார். ஆகவே பெருஞ்செலவு என்பதாலேயே ஒன்று பாவமாகிவிடாது.

ஆயினும் அக்குவினார் அங்கே ஒரு வரம்பு இடுகிறார். மாண்புடையவன் தன் பெருஞ்செலவைத் தன்மீதே செலுத்துவதை முதன்மை நோக்கமாகக் கொள்வதில்லை. இறைவனுக்குரிய பணிக்கும் பொதுநலனுக்கும் முன்னே ஒரு தனிமனிதனின் தேவை மிகச் சிறிது என்பதால். திருமணம் போன்று வாழ்வில் ஒருமுறை நிகழ்வதற்கும், நிலைத்து நிற்கும் இல்லத்துக்கும் தகுதிக்கேற்பச் செலவிடலாம் என்று அவரே இடமளிக்கிறார். அப்படியாயின் கடலில் மிதக்கும் இல்லமும் இல்லமே அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். இந்த இடத்தில் நூலைவிடத் தஞ்சைப் பெரிய கோயில் எனக்குத் தெளிவாக விடை சொல்கிறது. 1010-இல் இராசராசன் எழுப்பி முடித்த அக்கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். குனிந்து கல்வெட்டுகளைப் படிப்பவர் சிலரே. அங்கே கல்வெட்டில், தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள் என்பதும், அவரவர்க்குரிய வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்னும் பங்கும் வெட்டப்பட்டுள்ளன. தச்சர், தையலர், நாவிதர், கணக்கர் ஆகியோர்க்கும் எவ்வளவு என்று எழுதப்பட்டுள்ளது. அம்முறையில் நம் காலத்து மனத்துக்கு ஒவ்வாதன பல உண்டு. அவற்றை மறைக்க நான் முயலவில்லை. ஆனால் அந்த மன்னன் தன் படைப்பின் உயரத்தை மட்டும் விட்டுச் செல்லவில்லை. தன் படைப்பு யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதையும் கல்லில் எழுதி, எல்லாரும் காணும் இடத்தில் வைத்தான்.

அடுத்த வாரம் இதே பேச்சு பெரியவர்களிடையே எழுந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு கடைசல் எந்திரத்தில் நின்ற ஒருவர் எங்கள் பங்கில் உண்டு. அவர் சொன்னார்: "ஃபாதர், அந்தக் கப்பலை அந்தப் பணக்காரரா கட்டினார்? பற்றவைப்பவன், குழாய் பொருத்துபவன், வர்ணம் பூசுபவன் எல்லாருக்கும் சில வருஷம் சோறு போட்டிருக்கும். அந்தப் பணம் பெட்டியில கிடந்தா யாருக்கு என்ன லாபம்?"

இது வலுவான வாதம். எளிதில் தள்ளிவிட முடியாது. ஆடம்பரத்தை எதிர்த்து எழுதுவோர் பலர் இதை நேராகச் சந்திப்பதில்லை. அதே உழைப்பை மருத்துவமனை கட்டுவதில் செலுத்தியிருக்கலாமே என்று மறுமொழி கூறலாம், உண்மையே. ஆனால் அப்பணத்துக்குரியவர் அதைச் செய்யப்போவதில்லை என்னும்போது, கப்பலா, பூட்டிய பெட்டியா என்பதே அந்த எந்திரத் தொழிலாளியின் கேள்வி. நான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். ஆடம்பரத்தின் சார்பில் சொல்லத்தக்க வாதங்களுள் இதுவே தலையாயது: அது கூலி தருகிறது. பின் ஓர் இரவு விழித்துக் கிடக்கையில்தான் இதன் மறுபக்கம் புலப்பட்டது. கூலி தருவதே அதன் தலையாய நியாயம் என்றால், கூலி தராத ஆடம்பரத்துக்கு என்ன நியாயம் எஞ்சுகிறது?

இங்கே நம் நாட்டுக் கப்பல்கள் இரண்டைக் குறித்துச் சொல்ல வேண்டும். இரண்டும் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் பெயரோடு இணைந்தவை. முதலாவது 'கலிஸ்மா'. ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் ராமேஜ் ஃபெர்குசன் தளத்தில் 1906-இல் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 50 மீட்டர். இரு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படைக்குப் பணிபுரிந்த முதுகப்பல். 1967-இல் நடிகர் ரிச்சர்டு பர்ட்டனும் எலிசபெத் டெய்லரும் அதை வாங்கி, கேட், லைசா, மரியா என்னும் தங்கள் பெண்மக்களின் பெயர்களைக் கோத்து அப்பெயரிட்டார்கள். 1990-களில் அது மல்லையாவிடம் வந்தது. இரண்டாவது 'இந்தியன் எம்ப்ரஸ்', இந்தியப் பேரரசி. நெதர்லாந்தின் ஓஷன்கோ நிறுவனம் வளைகுடா அரச குடும்பத்துக்கென்று 2000-இல் கட்டியது. 2006-இல் மல்லையா வாங்கினார். 95 மீட்டர் நீளம். ஹெலிகாப்டர் இறங்க மேடை உண்டு. பாடகர் எல்டன் ஜானுக்குரியதாக இருந்தது என்று சொல்லப்பட்ட பியானோவும் உண்டு. முன்னதைவிட நீளத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் நீளம் இரட்டிக்கும்போது அகலமும் உயரமும் அதற்கேற்ப வளர்ந்தால், உள்ளிடம் எட்டு மடங்காகும் என்பதைக் கணக்குப் பயின்றவர் அறிவர். செலவும் கடமையும் அவ்வாறே வளரும். நீளத்தோடு மட்டும் வளர்வதில்லை. பெரிய கப்பலை வாங்குவோர் மறந்துவிடும் கணக்கு இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவருடைய விமான நிறுவனம் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தது. 2016 மார்ச்சில் அவர் நாட்டைவிட்டுச் சென்றார். வங்கிக் கடன் வழக்குகள் நீதிமன்றங்களுக்குரியவை. அவற்றில் நான் புகவில்லை. 2018 மார்ச் மாதத்தில் மால்ட்டா தீவில் இந்தியன் எம்ப்ரஸ் கைது செய்யப்பட்டது. ஆம், கப்பலைக் கைது செய்வது என்றே சட்டமொழியில் கூறுவார்கள். இந்தியர், ஆங்கிலேயர், கிழக்கு ஐரோப்பியர் என நாற்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 2017 செப்டம்பர் முதல் ஊதியம் வரவில்லை. பாக்கி பத்து லட்சம் டாலருக்கு மேல். அவர்களில் பலருக்காக நாட்டிலஸ் இன்டர்நேஷனல் என்னும் தொழிற்சங்கம் வழக்காடியது. முதல் ஏலத்தில் நான்கு கோடியே முப்பத்தைந்து லட்சம் யூரோவுக்குக் கேட்டவர் பணம் கட்டத் தவறினார். அதே ஆண்டு செப்டம்பரில் மூன்றரைக் கோடி யூரோவுக்குக் கப்பல் விலைபோனது. பேரரசி என்ற பெயரும் மாறிப்போனது.

கடல்சார் சட்டத்தின் அழகு இந்த இடத்தில் வெளிப்படுகிறது. இறையியல் படித்தவன் நான், சட்டத்தை இவ்வளவு வியந்ததில்லை. நிலத்தில் ஒருவன் கூலி தராவிட்டால் அவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவன் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் நம் கை நீளாது. கடலிலோ, மாலுமியின் கூலி கப்பலின்மீதே ஏறிவிடுகிறது. உரிமையாளர் எங்கிருந்தாலும், கப்பலே கடனாளி. கப்பல் கைமாறினாலும் கடன் அதன் உடலோடு செல்லும்; நீதிமன்ற ஏலம் அதைக் கழுவும், அப்போதும் ஏலப் பணத்திலிருந்து கூலி கிடைக்கும். கப்பலை அடமானம் பிடித்த வங்கிக்கும் முன்பாக, தளத்தைத் துடைத்தவனும் சமையல் செய்தவனும் வரிசையில் நிற்பார்கள். நம் நாட்டிலும் 1840, 1861-ஆம் ஆண்டுகளின் காலனிக்காலச் சட்டங்களை நீக்கி 2017-இல் இயற்றப்பட்டு, 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கடலாட்சிச் சட்டம், கப்பலின்மீது ஏறும் கடல்சார் பற்றுரிமைகளுள் கப்பல் தலைவர், ஊழியர் ஆகியோரின் ஊதியத்தையே முதலாவதாக வைக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் நெடுங்காலமாக இத்தகைய வழக்குகளை விசாரித்துவருகிறது. கைது ஆணையைக் கப்பலின் பாய்மரத்தில் ஒட்டுவது பழைய மரபு. எல்லாக் கொடிகளுக்கும் நடுவே ஒரு கூலிக்காரனின் கணக்குச்சீட்டு!

கூலியை நிறுத்திவைப்பது, விண்ணை நோக்கி ஓலமிடும் பாவங்களுள் ஒன்று என்று திருச்சபை மரபாகக் கற்பித்துவருகிறது. கொலையோடு ஒரே வரிசையில் அது வைக்கப்பட்டுள்ளது. இதைப் பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல்லிக் கொடுத்த நானே ஒருமுறை அவ்வரிசையில் நின்றேன்.

இங்கு வருமுன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது நடந்தது. ஆலயத்துக்கு மணிக்கோபுரம் கட்டினோம். வரைபடத்தில் ஐம்பத்தைந்து அடி. பாதி எழும்பிய வேளையில், அடுத்த பங்கின் புதிய கோபுரம் அறுபது அடி என்று யாரோ சொன்னார்கள். பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவரும் அதை வெளிப்படையாகப் பேசவில்லை. மணியோசை இன்னும் தொலைவுக்குக் கேட்க வேண்டும் என்றார் ஒருவர். பள்ளம் உள்ள ஊர், உயரம் வேண்டும் என்றார் இன்னொருவர். நான் ஒரு படி மேலே போய், விண்ணை நோக்கி எழும் செபம் என்றெல்லாம் பேசினேன். கோபுரம் அறுபத்து மூன்று அடியில் நின்றது. அப்ரமோவிச்சுக்கு அரை மீட்டர். எனக்கு மூன்று அடி. ஒப்பிட்டால் நான் ஏறத்தாழ இரு மடங்கு பெரியவன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் கூடுதல் உயரத்துக்குக் கம்பியும் சிமெண்டும் வாங்கியதில் கையிருப்புத் தீர்ந்தது. கொத்தனாருக்கும் அவருடைய ஆட்களுக்கும் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பாக்கி நின்றது. திருவிழா நெருங்கியது, ஆயரின் வருகை, மின்விளக்குத் தோரணம், வாணவேடிக்கை எல்லாவற்றுக்கும் எப்படியோ பணம் வந்தது. திருவிழாச் செலவுக்கென்று வந்த காணிக்கையை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்று கணக்கர் சொன்னார். விதிமுறை அவர் பக்கம் இருந்தது. புனிதப்படுத்தும் விழாவின் முடிவில் கொத்தனாரை மேடைக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் பாராட்டி, சால்வை அணிவித்தோம். மக்கள் கைதட்டினார்கள். அவர் சால்வையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். அந்தக் கணத்தில் அவருக்கு நான் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் தர வேண்டியவன் என்பது அந்த மேடையில் எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் ஆயரைப் பார்த்துச் சிரித்தேன்.

கப்பலாயிருந்தால் சீட்டை ஒட்டியிருக்கலாம். கோபுரத்தின்மேல் ஒட்ட ஒரு கொத்தனாருக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும்? சாமியார்மீது வழக்குத் தொடுக்க யாருக்கு மனம் வரும்? அவருக்குரிய நியாயம் அவருடைய பக்தியாலேயே கட்டுண்டு கிடந்தது. நான்கு மாதங்கள் ஓடின. தவக்காலத்தில் ஓர் இரவு அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். மகளுக்குக் கல்லூரித் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும், நாளை கடைசி நாள். "முழுசா வேணாம் ஃபாதர், ஒரு எட்டாயிரம் இருந்தாப் போதும்." தமக்குரிய பணத்தைக் கடன் கேட்பவரைப்போல் கேட்டார்.

அன்றிரவே பேரவைச் செயலரை எழுப்பி, இருந்ததைத் திரட்டி, என் கையிலிருந்ததையும் சேர்த்து முழுத்தொகையையும் விடிவதற்குள் கொடுத்தோம். இதை நற்செயலாக இங்கே குறிக்கவில்லை. நான்கு மாதத் தாமதத்துக்குப் பின் கொடுத்த கடன், அவ்வளவே. அதுகூட அவர் கேட்ட பிறகு. இன்று யாரேனும் ஒரு செல்வரின் கப்பலைக் குறித்து எரிச்சலோடு பேசும்போது, அந்த அறுபத்து மூன்று அடியும் என் கண்முன் எழுந்து நிற்கிறது. அதனால் என் குரல் தாழ்ந்துவிடுகிறது. தாழ்ந்த குரலிலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மால்ட்டாவில் நின்ற அந்த ஊழியர்களுக்குக் கடைசியில் ஒரு சட்டம் இருந்தது. நம் வீட்டு வேலைக்கு வருபவர், திருமண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர், நம் ஆலயங்களில் வெள்ளையடிப்பவர் ஆகியோரின் பாக்கி எந்தப் பாய்மரத்தில் ஒட்டப்படும்?

கொத்தனார் அன்று விடியற்காலையில் பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்டார். வாசற்படி இறங்கியவர் நின்று, இருட்டில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "மேல மூணு அடிக்குப் பூச்சு ஒரு கை குறைவு ஃபாதர். அவசரத்துல விட்டுட்டோம். மழைக்கு முந்தி வந்து போட்டுடறேன்" என்றார். ஆவணி மாதத்தில் ஆட்கள் இருவரோடு வந்தார். இரண்டு நாள் வேலை. இரு நாளும் அவர்கள் சாரத்திலிருந்து இறங்கிக் கைகால் கழுவும்போதே கூலியை எடுத்துக்கொண்டு கீழே போய் நின்றேன்.